அக்கா வீட்டுக்கு ஒரு மணித்தியாலம்

மாத்தளை டவுனில் நான் முப்பத்தொரு வருடம் விமான டிக்கெட் எழுதிய கடையை இப்போது எங்கள் முதலாளி ஹாஜியாரின் மகன் நடத்துகிறார். கடைக்கு ஆண்டு நிறைவு வருகிறதாம், சின்னதாக ஒரு புத்தகம் போடப் போகிறார்களாம். "ராணி மிஸ், நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்க" என்று ஃபோனில் கேட்டார். புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிக் கொஞ்சம் குறைப்பட்டும் கொண்டார். எந்த ஊர் எவ்வளவு தூரம், எத்தனை மணித்தியாலம் என்று யாராவது கேட்டால், ஃபோனைத் தட்டி எதிரே நீட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டு விடுகிறார்களாம். வாப்பா காலத்தில் அந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொன்னீர்கள் என்று எழுதினால் அவர்களுக்கு உதவும் என்றார்.

உதவுமோ இல்லையோ தெரியாது. ஒரு பக்கத்தில் அடக்க எனக்கு வராது என்பது மட்டும் தெரியும். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பதற்கு என் வீட்டுக்காரரே சாட்சி. வேண்டாததை மகனே பார்த்து வெட்டிக்கொள்ளட்டும்.

நான் படித்தது இரத்தோட்டைக்கு மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில். டைப்பிங் தெரியும் என்ற ஒரே தகுதியோடு மூன்று மாதத்துக்கு என்று வந்து சேர்ந்தேன். ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் மூன்று ஆங்கில எழுத்தில் ஒரு சுருக்கப் பெயர் உண்டு. திருச்சிக்கும் திருவனந்தபுரத்துக்கும் கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். முதல் மாதமே சமயபுரத்துக்கு நேர்த்தி வைத்த ஒரு குடும்பத்தைக் கேரளாவுக்கு அனுப்பப் பார்த்தேன். ஹாஜியார் பார்த்துத் தடுத்தார். திட்டவில்லை. "அங்கயும் கோயில் ஈக்குது புள்ள, ஆனா இவங்க கேட்ட கோயில் இல்ல" என்று மட்டும் சொன்னார். பயிற்சி அத்துடன் முடிந்தது.

ஹாஜியாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெலிந்த ஆள், வெள்ளைத் தொப்பி, வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா. அவர் வாயில் "லேட்" என்ற வார்த்தை வந்து நான் கேட்டதில்லை. விமானம் நாலு மணித்தியாலம் தாமதம் என்று கொழும்பில் இருந்து செய்தி வந்தாலும், வாடிக்கையாளரிடம் "பிளேன் ஆறுதலா வருது" என்றுதான் சொல்வார். கேட்டவர்களும் ஏதோ தங்களுக்கு மரியாதை செய்வதற்காகவே அது மெதுவாக வருவதாக நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஹஜ்ஜுக்காக அவர் ஒரே ஒரு தடவை விமானம் ஏறியிருக்கிறார். போகும்போதும் வரும்போதும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டதாக அவரே ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஊரையெல்லாம் ஏற்றி அனுப்பினாரே தவிர, தான் ஏறவில்லை.

தூரமும் நேரமும் சொல்வதற்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. சுவரில் பெரிய உலகப் படம். அதில் எங்கள் விமான நிலையமான கட்டுநாயக்கா இருக்கும் இடத்தில் ஒரு குண்டூசி. குண்டூசியில் தடித்த நூல் ஒன்றைக் கட்டியிருந்தார். ஒரு மணித்தியாலப் பறப்புக்கு ஒரு முடிச்சு, முடிச்சுக்குச் சிவப்பு மை. நூலின் மறுநுனியை வாடிக்கையாளர் கையில்தான் கொடுப்பார். அவரே போக வேண்டிய ஊர்வரைக்கும் இழுத்து, முடிச்சுகளை வாய்விட்டு எண்ண வேண்டும். துபாய்க்கு நாலு முடிச்சும் பாதியும். ஜித்தாவுக்கு அஞ்சைத் தாண்டும். லண்டனுக்கு இழுப்பவர்கள் ஸ்டூல் மேல் ஏற வேண்டும்.

எண்ணி முடித்ததும் ஹாஜியார், ஏறவும் இறங்கவும் சுற்றவும் என்று அரை மணித்தியாலம் சேர்ப்பார். அதோடு விடமாட்டார். உங்கள் வீட்டு வாசலில் இருந்து பஸ் ஹோல்ட்டுக்கு எவ்வளவு நேரம், அங்கிருந்து மாத்தளைக்கு எவ்வளவு, வழியில் எந்தெந்தக் கோயிலில் தேங்காய் உடைப்பீர்கள், எந்தச் சாச்சி வீட்டில் தேத்தண்ணி குடிப்பீர்கள் என்று கேட்டுக்கொண்டே போவார். அந்தப் பக்கத்தில் போய் இறங்கும் வீட்டு வாசல்வரைக்கும் கேட்டு, ஒரு துண்டில் எழுதிக் கூட்டி, அதைத்தான் பயண நேரம் என்று கையில் கொடுப்பார். பிளேன் பறக்கிறது பயணத்தில் ஒரு துண்டுதான் என்பது அவர் கட்சி.

இந்த நூல் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. யட்டவத்தவில் ஒரு தாய், மகனுக்காக நூலைக் குவைத்வரைக்கும் இழுத்துவிட்டுப் போனார். ஒரே மாதத்தில் மகனுக்கு அங்கே வேலை கிடைத்தது. அதன் பிறகு அந்தப் பக்கத்துப் பெண்கள் டிக்கெட் எடுக்காமலே வந்து, நூலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். இழுத்து இழுத்து நூல் நீண்டு, முடிச்சுக்கு முடிச்சு இடைவெளி கூடி, கடைசியில் துபாய் மூன்றே முக்கால் மணித்தியாலத்துக்கு வந்துவிட்டது. நாவுலயில் இருந்து ஒரு கத்தரிக்காய் வியாபாரி, திரும்பி வந்த கையோடு, பிளேன் நூலைவிட முக்கால் மணித்தியாலம் கூடுதலாகப் பறந்ததென்று முறையிட வந்தார். ஹாஜியார் எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அன்று சாயங்காலமே புது நூல் கட்டினோம்.

இனி, நான் எழுத வந்த விஷயம்.

வேலைக்குச் சேர்ந்து இருபத்தைந்து வருடமளவில் ஒரு நாள் காலையில் முத்தையா கணக்கப்பிள்ளை கடைக்குள் வந்தார். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் மலையில் ஆட்களை வேலை வாங்கி ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயதிலும் முதுகு வளையவில்லை, குடையை விடவில்லை. எங்கள் பக்கத்தில் அவரைத் தெரியாதவர்கள் கிடையாது. காலைப் பெரட்டில், அதாவது ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், அஞ்சு நிமிடம் பிந்தி வந்தாலும் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். என் அம்மாவையே இரண்டு தடவை அனுப்பியிருக்கிறார். கையில் கட்டியிருந்த மணிக்கூட்டை அவர் நம்பியதுபோல மனுஷரை நம்பியதில்லை.

அவருக்கு ஒரே அக்கா, பெயர் ராமாயி. இந்தியக் குடியுரிமைக்கு எழுதிக்கொடுத்த தோட்டத்து ஆட்களைக் கப்பலேற்றி அனுப்பிய காலத்தில் புருஷன் வீட்டாரோடு போனவர். துறையூர்ப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தார். போய் நாற்பது வருடத்துக்கு மேல். அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. முதலில் கடிதம், பிறகு ஃபோன், அவ்வளவுதான். இப்போது அக்காவுக்கு எண்பது தாண்டி, கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. அறுவை செய்தும் பலனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மங்கலாகவாவது தெரியும்போது உன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அக்கா ஃபோனில் அழுதிருக்கிறார். கணக்கப்பிள்ளை பாஸ்போர்ட்டோடு எங்கள் முன்னால் உட்கார்ந்திருந்தது அதனால்தான்.

நான் வழக்கம்போல நூலைக் கையில் கொடுத்தேன். அவர் திருச்சி எங்கே என்று கேட்டார். காட்டினேன். உலகப் படத்தில் கட்டுநாயக்காவும் திருச்சியும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். நூலை இழுக்கவே இடமில்லை. அவர் பெருவிரலை வைத்தார், இரண்டு ஊரும் விரலுக்கு அடியில் மறைந்துவிட்டன. விரலை எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

நானூறு கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும் ஐயா, ஒரு மணித்தியாலம்தான் என்றேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. நாவுலவுக்கு பஸ்ஸில் போகவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகிறது, இந்தியாவுக்கு ஒரு மணித்தியாலமா, யாரிடம் கதை விடுகிறாய் என்றார். அக்கா போனபோது கண்டிக்கு லொறி, தலைமன்னாருக்கு ரயில், கடலுக்குக் கப்பல், அங்கே முகாம், திரும்பவும் ரயில் என்று நாலு நாள் ஆனதை விரல் விட்டு எண்ணிக் காட்டினார். எங்கேயோ யாழ்ப்பாணத்தில் இறக்கிவிட்டு இதுதான் இந்தியா என்று சொல்லப் போகிறீர்கள் என்றும் சந்தேகப்பட்டார். ஹாஜியார் எழுந்து வந்து, தன் தொப்பியைத் தொட்டு, திருச்சிதான் என்று சத்தியம் செய்தார்.

கணக்கப்பிள்ளை இன்னொரு தடவை படத்தில் பெருவிரலை வைத்துப் பார்த்தார். பிறகு குடையைத் தரையில் ஊன்றிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"மிஸ், இதவிட தூரமா சுத்திப் போற பிளேன் ஏதும் இல்லையா?"

கால் நூற்றாண்டாக எல்லோரும் சீக்கிரம் போகிற வழியைத்தான் கேட்டார்கள். தூரமாகப் போகிற வழி கேட்டவர் இவர் ஒருவர்தான். நான் சிரித்துவிட்டேன். ஹாஜியார் சிரிக்கவில்லை. கேட்டதைப் பார்த்துச் சொல்வது நம் வேலை என்று என்னிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சிங்கப்பூர் போய்த் திருச்சி திரும்பலாம். துபாய் போயும் திரும்பலாம், அங்கே பதினோரு மணித்தியாலம் நாற்காலியில் காத்திருக்க வேண்டும். கணக்கப்பிள்ளைக்குத் துபாய் ரொம்பப் பிடித்துப்போனது. அந்தப் பதினோரு மணித்தியாலத்தை இருபதாக்க முடியுமா என்று கேட்டார். அவருக்குச் சீனி வருத்தம், அதாவது சர்க்கரை வியாதி, அது ஆகாது என்று நான் தடுத்தேன். அங்கே சோறு கிடைப்பதும் நிச்சயமில்லை என்றேன்.

ஏன் ஐயா, அக்கா காத்துக்கொண்டிருக்கிறார், சீக்கிரம் போனால் என்ன என்று கேட்டேன். அவர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தபடியே சொன்னார்:

"நாலு நாள் தூரம்னு நெனச்சித்தான் போகாம இருந்தேன் மிஸ். கப்பல் நின்னுச்சி, அப்பறம் சண்ட, அப்பறம் அப்பிடியே பழகிப்போச்சி. ஒரு மணித்தியாலத்துல போய் எறங்கினா, இம்புட்டுக் கிட்டத்துல இருந்துகிட்டா வராம இருந்தன்னு அக்கா கேக்குமே. நான் என்னா சொல்றது? அஞ்சி நிமிசம் பிந்தி வந்தவளுகள வெரட்டின ஆளு நான்."

அதற்கு மேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அம்மாவைத் திருப்பி அனுப்பியதற்காக அவர் மேல் எனக்கு இருந்த கோபம் அன்றைக்குத்தான் போனது. டிக்கெட் வேண்டாம் என்று அவர் எழுந்துவிட்டார். இந்த மனுஷன் வெட்கத்திலேயே வீட்டில் இருந்துவிடுவார், அக்காவுக்கும் பார்வை முழுதாகப் போய்விடும் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

அவரைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தது ஹாஜியார்தான். பிளேன் பறக்கிறது ஒரு துண்டுதான் என்ற தன் பழைய பாட்டை எடுத்தார். தோட்டத்து வீட்டு வாசலில் இருந்து ரோட்டுக்கு இறங்க முக்கால் மணித்தியாலம். ஆட்டோ. மாத்தளையில் வேன் வரும்வரை. முத்துமாரியம்மன் கோயிலில் தேங்காய். குருநாகலில் சாப்பாடு. எயார்போர்ட்டில் மூன்று மணித்தியாலம் முன்னால் இருக்க வேண்டும். கணக்கப்பிள்ளை எதற்கும் இரண்டு மணித்தியாலம் முன்னால் போகிறவர், அதையும் சேர்த்தார். அந்தப் பக்கத்தில் வரிசை, பெட்டி, பஸ், இன்னொரு பஸ், நடை. எல்லாம் கூட்டிப் பத்தொன்பது மணித்தியாலம் வந்தது. கணக்கப்பிள்ளை பார்த்துவிட்டு, சங்கடமாக, இருபத்துநாலு ஆக்க முடியாதா என்றார். ஹாஜியார் கொஞ்சம் யோசித்தார். முதல் நாள் ராத்திரியே மாத்தளையில் இருக்கும் அவருடைய மகள் வீட்டில் வந்து தங்கச் சொல்லி அதையும் எழுதினார். ஒரு நாளைத் தாண்டிவிட்டது. கடைப் பெயர் அச்சடித்த தாளில் நான் அதைச் சுத்தமாக டைப் பண்ணினேன். கணக்கப்பிள்ளை சீல் கேட்டார். ஹாஜியார் இரண்டு சீல் அடித்தார்.

அப்படியும் மனுஷன் முழுதாகச் சமாதானமாகவில்லை. அக்கா தாளை நம்பாவிட்டால் வாயால் சொல்ல ஒரு ஆள் வேண்டும் என்றார். ஹாஜியார் என்னைப் பார்த்தார். கடைக்கு எப்போதாவது ஒரு இலவச டிக்கெட் வரும், அதை யாரும் தொட்டதில்லை. "போயிட்டு வாங்க புள்ள" என்றார். இருபத்தைந்து வருடம் ஊருக்கெல்லாம் தூரம் சொன்ன நான் அதுவரைக்கும் விமானத்தை ஆகாயத்தில்தான் பார்த்திருந்தேன்.

கட்டுநாயக்காவில் அஞ்சு மணித்தியாலம் முன்னாலேயே போய் உட்கார்ந்தோம். பகல் விமானம். ஏறியதும் கணக்கப்பிள்ளை மணிக்கூட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன், ஹாஜியாரைக் கேலி பண்ணியதெல்லாம் ஞாபகம் வந்தது. மேலே போய்ச் சரியானதும் ஆளுக்கொரு ரொட்டித் துண்டும் ஒரு பெட்டிச் சாறும் தந்தார்கள். கணக்கப்பிள்ளை உறிஞ்சும் குழாயைப் பெட்டியில் குத்த இடம் தேடிக்கொண்டிருக்கும்போதே, இறங்கப் போகிறோம், பெல்ட்டைப் போடுங்கள் என்றார்கள். அவருக்கு அது அவமரியாதையாகப் பட்டது. பணிப்பெண்ணைக் கூப்பிட்டு, தோட்டத்து இங்கிலீஷில், டிரைவரிடம் சொல்லுங்கள், எங்களுக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்றார். அந்தப் பிள்ளை சிரித்துக்கொண்டே போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் விமானி பேசினார். காற்று சாதகமாக இருந்ததால் பத்து நிமிடம் முன்னதாகவே இறங்குகிறோம் என்று சந்தோஷமாகச் சொன்னார். பெல்ட்டை அவிழ்த்துவிட்டு எழுந்து போய் விமானியை ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று நான் கணக்கப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வெளியே கம்பிக்கு அந்தப் பக்கம், மகள் கையைப் பிடித்துக்கொண்டு ராமாயி அம்மா நின்றார். குட்டையான உருவம், தடித்த கண்ணாடி. மகள், இதோ மாமா என்று காட்டியதும் அவர் தம்பியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் கண்ணுக்குக் கிட்டத்தில் இழுத்தார். நெற்றி, மூக்கு, மீசை என்று துண்டு துண்டாகப் பார்த்தார். கணக்கப்பிள்ளை குனிந்தபடி, சின்னப் பிள்ளை மாதிரி விம்மினார். கையில் தயாராக வைத்திருந்த தாள் கசங்கிப்போனது. எவ்வளவு நேரம் ஆச்சு என்று அக்கா கேட்கவே இல்லை. "காலு ரொம்ப வலிக்குதாடா தம்பி?" என்றுதான் கேட்டார்.

வீட்டில் போய் இறங்கினால், நாலு நாள் பயணம் வந்தவர்களுக்குச் செய்யும் ஏற்பாடெல்லாம் தயாராக இருந்தது. அண்டாவில் வெந்நீர், மிளகு ரசம், கஞ்சி, கட்டிலில் இரட்டை மெத்தை, பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்லெண்ணெய். கணக்கப்பிள்ளை என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஐயோ அம்மா என்று முனகிக்கொண்டு கட்டிலில் சாய்ந்தார். அக்கா கால்மாட்டில் உட்கார்ந்து எண்ணெய் தடவ ஆரம்பித்தார். தாளைக் கொடுத்தபோது, வாசிக்கத் தெரியாத கண்ணுக்கு எதற்கு என்று சொல்லி மகளிடம் கொடுத்து, சாமி படத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னார்.

இரண்டு நாள் மனுஷன் கட்டிலை விட்டு இறங்கவில்லை. இட்லி அங்கேயே வந்தது, காப்பி அங்கேயே வந்தது. கடலில் பட்ட கஷ்டத்தைக்கூடச் சொன்னார். விமானம் கடலுக்கு மேலேதானே வந்தது, அதனால் அது முழுப் பொய்யில்லை என்று நானும் தலையாட்டினேன். பொய்க்குத் துணை போனதற்கு எனக்கும் கூலி கிடைத்தது. ராமாயி அம்மா என்னையும் விடாமல் உட்கார வைத்து, மாட்டேன் மாட்டேன் என்றாலும் கேட்காமல், இரண்டு காலுக்கும் எண்ணெய் தடவிவிட்டார். வெட்கத்தில் எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அடுப்படியில் நானும் ராமாயி அம்மாவும் தனியாக இருந்தோம். மகள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். அவர் வெங்காயத்தைத் தடவித் தடவி உரித்துக்கொண்டே, குரலைத் தாழ்த்தி, பிளேன் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்று கேட்டார். நான் தாளில் இருந்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரு மணி நேரம்னு எனக்குத் தெரியும் தாயி. ரெண்டு வருசம் முன்னாடியே மக ஃபோன்ல பாத்துச் சொல்லிட்டா. அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல. நானாச்சும் போயிருக்கலாமே, போகலியே. அவன் வந்து, ஏன்க்கா வரலன்னு கேட்டா நான் என்னா சொல்றது? அதான் நாலு நாள் பயணம்னே வச்சிக்கிட்டேன். நீ அவங்கிட்ட சொல்லிப்புடாத."

நான் சொல்லமாட்டேன் என்று தலையை ஆட்டினேன். அது அவர் கண்ணுக்குத் தெரியாது என்று நினைவு வந்து, வாயாலும் சொன்னேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வெங்காயம் இருந்ததால் சமாளித்தேன்.

அப்போது அறையில் இருந்து கணக்கப்பிள்ளையின் குரல் கேட்டது. அக்கா, இடது கால் இன்னும் கடுக்கிறது என்றார். ராமாயி அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். எண்ணெய்க் கிண்ணத்தைத் தடவி எடுத்தார்.

"நாலு நாள் பயணம்ல, கடுக்கத்தான்டா செய்யும்" என்று வீடு முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டே, சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார்.